சீட்டு இல்லாத கேக்

எதிர்வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. கேட்பதானால் என் ஜன்னலைத் தெருப்பக்கம் வைத்துக் கட்டிய கொத்தனாரைத்தான் கேட்க வேண்டும். வெங்காயம் உரிக்க நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் பேக்கரி அப்படியே முன்னால் வந்து நிற்கிறது. கண்ணை வேண்டுமானால் திருப்பிக்கொள்ளலாம். காதை என்ன செய்வது?

கீழே கடை, பின்னால் அடுப்பறை, மேலே வீடு. மேல்வீட்டு ஜன்னலோரக் கட்டிலில் அந்த அம்மா. கணவர் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. மகன்கள் இருவரும் கடையில்தான். பெரியவர் அடுப்பைப் பார்த்துக்கொள்வார். மாவின் பதமும் சூடும் அவர் கைக்குத்தான் கட்டுப்படும். சின்னவன் எழுத்து. க்ரீம் பையைப் பிழிந்து அவன் கேக்கின் மேல் எழுதுவதைப் பார்த்தால் வெட்ட மனசு வராது. அப்படி வெட்டாமல் வைத்திருந்து நாலாம் நாள் குப்பையில் போட்டவர்கள் எங்கள் தெருவில் உண்டு. கடைசி எழுத்தின் வாலை மட்டும் லேசாகச் சுருட்டி மேலே தூக்கிவிடுவான், பூனை சோம்பல் முறிக்கிற மாதிரி. அதனால் தெருவில் அவனுக்கு எழுத்துக்காரன் என்றே பெயர். பெரியவர் எழுதினால் மருந்து தெளித்த பிறகு எறும்புகள் ஓடுகிற மாதிரி இருக்கும். அதை அவர் முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை, என்னைத் தவிர.

அந்த வீட்டில் ஒரு வழக்கம். கிறிஸ்துமஸ் காலையில் கடைக்குட்டிதான் முதலில் எழுந்து அம்மாவிடம் போய் வாழ்த்துச் சொல்ல வேண்டும். அதுவரை அந்த அம்மா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். சின்னவனுக்குப் பேச்சு வராத வயதில் அப்பா தூக்கிக்கொண்டு போய், காதில் சொல்லிக்கொடுத்துச் சொல்லவைப்பாராம். “கிஸ்மஸ்” என்பானாம். அந்த அம்மா இதை என்னிடமே ஏழெட்டு முறை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் புதிதாகச் சிரிப்பார், நானும் புதிதாகச் சிரிப்பேன். அவனுக்கு முப்பத்துமூன்று வயதாகியும் அந்த வழக்கம் நிற்கவில்லை.

நிறுத்தியது சைக்கிள் கடை மாடியிலுள்ள ஜெப ஹால்தான். அங்கே நாலு பெஞ்சு, ஒரு மின்விசிறி, வெறும் சுவர். சிலுவைகூடக் கிடையாது. அங்கே பேசுகிறவர் நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முன்பு சங்கிலியை வைத்து நிலத்தை அளந்தவர் இப்போது வசனத்தை வைத்து எல்லாவற்றையும் அளக்கிறார். டிசம்பர் இருபத்தைந்து எந்த அதிகாரத்தில் இருக்கிறது? கிறிஸ்துமஸ் என்ற பெயர் எந்த வசனத்தில்? ஈஸ்டர் என்று எந்த அப்போஸ்தலன் சொன்னான்? இல்லை அல்லவா? அப்படியானால் விசுவாசியின் வாயில் அது வரக்கூடாது. நட்சத்திரம், மரம், பெரிய வெள்ளி எல்லாவற்றையும் ஒரே மாலையில் தள்ளுபடி செய்துவிட்டார். எங்கள் பெரிய சர்ச்சிலும் சும்மா இருக்கவில்லை. பெயரை வெறுக்கிறவன் பெயருக்கு உரியவரையும் வெறுக்கிறான் என்று அடுத்த ஞாயிறே பிரசங்கம். பெரியவர் அங்கே கமிட்டியில் இருக்கிறார். முன்வரிசையில் உட்கார்ந்து பலமாகத் தலையாட்டினார். நான் பின்வரிசை, எனக்கு அவர் பிடரிதான் தெரிந்தது. பிடரியே அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

சின்னவன் ஹாலுக்குப் போகத் தொடங்கியபின் கேக்கில் அந்தப் பெயரை எழுதுவதையும் விட்டான். வெறும் ‘வாழ்த்துகள்’ என்று எழுதி வாலைச் சுருட்டிவிடுவான். வாங்குகிறவர்கள் சண்டைக்கு வந்தார்கள். “எதுக்கு வாழ்த்துன்னு எப்படித் தெரியும்? பரீட்சையில பாஸானதுக்கா?” என்று ஒருவர் கேட்டார். பெரியவர் பல்லைக் கடித்துக்கொண்டு க்ரீம் பையை எடுத்து, சின்னவனின் அழகான எழுத்துக்கு மேலே தன் எறும்புகளை ஓடவிட்டார்.

போன வருடத்துக்கு முந்தைய கிறிஸ்துமஸுக்குச் சின்னவன் வாழ்த்தவில்லை. “சாப்டீங்களாம்மா?” என்று மட்டும் கேட்டுவிட்டுக் கீழே இறங்கிவிட்டான். அந்த அம்மா பிற்பகல் மூன்று மணி வரை ஒன்றும் சாப்பிடாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொள்கிற உடம்பு. மயங்கி விழுந்தவரை நான்தான் முதலில் பார்த்தேன், இந்த ஜன்னலிலிருந்து. டாக்டர் பெரியவரைத் தனியாகக் கூப்பிட்டு, “ஊசியும் போட்டுட்டுப் பட்டினியும் கிடந்தாங்கன்னா அடுத்த தடவை மூளைக்கு ஆகாது. அப்புறம் என்கிட்ட வந்து அழாதீங்க” என்றார். இதை மருமகள், பெரியவரின் மனைவி, எனக்குச் சொன்னாள். நான் கேட்கவில்லை, அவளே சொன்னாள். இரண்டு தடவைதான் கேட்டேன்.

அதனால் போன டிசம்பர் வந்தபோது, அந்த வீட்டில் எல்லோருக்கும் ஒரே பயம்தான். அன்று காலை சின்னவன் வாயைத் திறப்பானா? திறக்காவிட்டால் அந்த அம்மா சாப்பிட மாட்டார். சாப்பிடாவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரிந்த கதை.

டிசம்பர் பத்தாம் தேதி வாக்கில் ஒரு நாள் ரொட்டி வாங்கப் போயிருந்தேன். அந்த அம்மா மெல்லப் படியிறங்கிக் கடைக்குள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மருமகள் கல்லாவில். நான் ரொட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன். ரொட்டியில் பார்க்க அவ்வளவு ஒன்றும் இல்லை என்பது எனக்கும் தெரியும்.

“ஏண்டா, அந்த ஒரு வார்த்தையில என்னடா இருக்கு?” என்றார் அம்மா.

“வார்த்தையில ஒண்ணும் இல்லம்மா. அதனாலதான் வேணாங்கிறேன்” என்றான் சின்னவன். அவன் எப்போதுமே குரலை உயர்த்த மாட்டான். “இயேசு பிறந்தார்னு சொல்றேன். இப்பவே சொல்றேன். தினமும் வந்து சொல்றேன். அந்தப் பேரும் அந்த நாளும்தான் வேணாம்.”

அந்த அம்மாவின் முகம் கொஞ்சம் இளகியது. “சரி, அன்னைக்குக் காலையில வந்து அப்படியாவது...” என்று தொடங்கினார். அங்கேயே விட்டிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அடுப்பறையிலிருந்து பெரியவர் கையெல்லாம் மாவோடு வந்துவிட்டார்.

“விட்டுக் கொடுக்காதீங்கம்மா. இன்னைக்குப் பேரு, நாளைக்கு உங்களையே அம்மான்னு கூப்பிட வசனம் கேப்பான். டேய், பைபிள்ல கேக்கும்தான் இல்ல. அதை மட்டும் எப்படிடா விக்கிறே?”

“மாவும் முட்டையும் பாவம் இல்லண்ணா.”

“அப்ப எங்கப்பா சொன்னதெல்லாம் பாவம்?”

“நமக்கு ரெண்டு பேருக்கும் ஒரே அப்பாதாண்ணா.”

அதற்குள் அந்த அம்மா கேட்டார், மிகவும் மெதுவாக: “உங்கப்பா அந்தப் பேரைச் சொல்லிக்கிட்டேதான் போய்ச் சேர்ந்தார். அவர் எங்கே இருக்கார்னு உங்க ஹால்ல சொல்றாங்க?”

சின்னவன் க்ரீம் பையின் முனையைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தான். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. அந்த அம்மா எழுந்து, “நீ வந்து சொன்னா சாப்பிடறேன். பேரோட சொல்லு. இல்லேன்னா என்னைக் கேக்காதே” என்று படியேறினார். விட்டுக் கொடுக்க வந்த மனுஷியைப் பெரியவர் இறுக்கிக் கட்டிவிட்டார். அன்றிலிருந்து அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை.

பேசாமல் கடை நடக்குமா என்றால், நடக்கும். அவர்கள் அப்பா காலத்திலிருந்து ஒரு முறை இருக்கிறது. யார் ஆர்டர் கொடுத்தாலும் சீட்டில் எழுதிச் சுவரிலுள்ள ஆணியில் குத்திவிடுவார்கள். கேக் முடிந்ததும் சீட்டு கேக்கின் அட்டைக்கு அடியில் போய்விடும். சீட்டு இருந்தால் யாரோ ஒருவருடையது, சீட்டு இல்லாவிட்டால் கவுண்டரில் வருகிறவருக்கு. அவ்வளவுதான் சட்டம். பெரியவர் சீட்டைக் குத்துவார், சின்னவன் எடுப்பான். வாயே தேவையில்லை. இரண்டு வாரம் அந்த ஆணிதான் அவர்களுக்கு நடுவில் பேசிக்கொண்டிருந்தது.

இருபத்துநான்காம் தேதி மாலை சின்னவன் அடுப்பறை மூலையில் ஒரு சின்ன வட்டக் கேக்கின் மேல் குனிந்து வெகுநேரம் எழுதிக்கொண்டிருந்ததை மருமகள் பார்த்திருக்கிறாள். முதுகால் மறைத்துக்கொண்டிருந்தானாம். ஏதோ கல்யாண ஆர்டர் என்று இவள் நினைத்துக்கொண்டாள். எழுதி முடித்து, பெரிய ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் உள்ளே தள்ளி வைத்துவிட்டுப் போனான். சீட்டு வைக்கவில்லை. தாய்க்குக் கொண்டுபோகிற கேக்குக்கு எவன் சீட்டு எழுதுவான்?

மறுநாள் விடிந்ததிலிருந்து கடையில் கூட்டம். சர்ச்சுக்குப் போகிற வழியில் எல்லோரும் வாங்கிப் போவார்கள். நான் வழக்கம் போல் ஆர்டர் கொடுக்கவில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் கிறிஸ்துமஸ் அன்று கேக் வேண்டும் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஏழு மணிக்குப் போனேன். கண்ணாடி அலமாரி துடைத்து வைத்தது போல் காலி.

“தீர்ந்துபோச்சுக்கா” என்றார் பெரியவர்.

“ஒண்ணாவது இருக்கும், நல்லாப் பாருங்க. எதிர்வீட்டுக்காரிக்கு இல்லாத கேக்கா?”

“சத்தியமா இல்லக்கா.”

“ஃப்ரிட்ஜில பாருங்க. கீழ பாருங்க, கீழ. குனிஞ்சா முதுகு உடைஞ்சிடாது.”

என் தொல்லை தாங்காமல் குனிந்தார். கையை உள்ளே விட்டு அந்தச் சின்ன வட்டக் கேக்கை இழுத்தார். வெள்ளை க்ரீம், சிவப்பு எழுத்து. கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். ஓரத்தில் பூ இல்லை, மணி இல்லை, நட்சத்திரம் இல்லை. எழுத்து மட்டும்தான். கடைசி எழுத்தின் வால் சுருண்டு மேலே எழும்பியிருந்தது.

பெரியவர் அட்டையைத் தூக்கி அடியில் பார்த்தார். சீட்டு இல்லை.

“தம்பி எழுத்து மாதிரி இருக்கே?” என்றேன் நான். கேட்டது நான்தான். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

“அவனாவது, இந்தப் பேரை எழுதறதாவது! கையை வெட்டிக்குவான். என் வீட்டுக்காரி ஒரு மாசமாப் பழகறா, கை தேறிடுச்சு போல.” சின்னவன் எப்படியும் வந்து சொல்லிவிடுவான் என்று நம்பி, மருமகள் அப்போது மேலே மாமியாருக்கு ஊசி போடப் போயிருந்தாள். வரிசையில் எனக்குப் பின்னால் ஆறு பேர். பெரியவர் டப்பாவில் வைத்து நூலைச் சுற்றிக் கொடுத்துவிட்டார். நானும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இந்தத் தெருவில் யார் வீட்டுத் துணி எந்தக் கொடியில் காய்கிறது என்று சொல்லக்கூடியவள் நான். அன்று மட்டும் என் மூளை சர்ச்சுக்கு முன்னாலேயே போய்விட்டது போலிருக்கிறது.

எட்டு மணிக்கு மேல் சத்தம் கேட்டது. கேக்கில் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டே ஜன்னலுக்கு வந்தேன்.

சின்னவன் ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்தபடி நின்றிருந்தான். “கீழ்த்தட்டுல இருந்தது எங்கே?” இரண்டு வாரத்தில் அண்ணனிடம் அவன் பேசிய முதல் வார்த்தை.

“வித்தாச்சு. சீட்டு இல்ல.”

“அது அம்மாவுக்கு வெச்சதுண்ணா.”

“அம்மாவுக்கா? நீ எழுதினதா அது?”

“ஆமா. வாய் வரல. கை வந்துச்சு. எழுதி முன்னால வெச்சா சாப்பிட்டுடுவாங்கன்னு...” ஃப்ரிட்ஜ் கதவைச் சாத்தினான். “யாருக்குக் குடுத்தே?”

அந்த நிமிடத்தில் பெரியவர், “எதிர்வீட்டு அக்காவுக்கு, ஓடு” என்று சொல்லியிருக்கலாம். பதினைந்து அடி தூரம். ஆனால் மனுஷனுக்கு ஜெயித்த சந்தோஷம் தலைக்கேறிவிட்டது. இரண்டு வருடமாகக் காத்திருந்த சந்தோஷம். கையைத் தட்டிக்கொண்டு வரிசையைப் பார்த்துக் கத்தினார்: “கேட்டீங்களா எல்லாரும்! தம்பி எழுதிட்டான்! கிறிஸ்துமஸ்னு முழுசா எழுதிட்டான்! வால் கூடச் சுருட்டியிருக்கான்!”

வரிசையில் சிரிப்பு எழும்பியது. சிரிக்காத ஒரே ஆள் கடைசியில் நின்றிருந்தார். ஹாலுக்குப் போகிற சைக்கிள் கடைக்காரர், தினசரி ரொட்டிக்காக வந்தவர். அவருக்கு அது வெறும் வியாழக்கிழமை. அவர் சின்னவனையே பார்த்தார். ரொட்டி வாங்காமலே திரும்பிப் போனார்.

“எழுதினவனுக்குச் சொல்றதுக்கு என்னடா? மேலதான் இருக்காங்க, போய் வாயைத் திற” என்றார் பெரியவர்.

“வேணும்னுதானே வித்தே?” என்றான் சின்னவன்.

“என்னது?”

“வேணும்னேதான். நான் எழுதினது அம்மா கைக்குப் போயிடக் கூடாது. நான் சொல்லித் தோக்கணும், நீ பக்கத்துல நின்னு பார்க்கணும்.”

ஏப்ரனைக் கழற்றிச் சீட்டுக் குத்துகிற ஆணியில் மாட்டினான். படிக்கட்டின் கீழே ஒரு நொடி நின்றான். மேலே அந்த அம்மா ஜன்னலோரம் தலைவாரிக்கொண்டு, புதுச் சேலையில் உட்கார்ந்திருந்தார். எனக்கு இரண்டு பேரும் தெரிந்தார்கள், ஒருவருக்கு ஒருவர் தெரியவில்லை. பிறகு அவன் தெருவில் இறங்கி நடந்துவிட்டான்.

எனக்கு மெல்லத் திரும்பிப் பார்க்கத் தோன்றியது. மேஜை மேல் கேக். நான் நடுவில் வெட்டி எடுத்திருந்தேன். நடுவில்தான் க்ரீம் கனமாக இருக்கும். ‘கிறி’யும் சுருண்ட வாலும் மிச்சம். பெயர் என் வயிற்றுக்குள் போயிருந்தது. இந்த மிச்சத்தை எடுத்துக்கொண்டு போய் என்ன சொல்வது? “அம்மா, உங்க பையன் எழுதினது, பாதி நான் சாப்பிட்டுட்டேன்” என்றா? போயிருக்க வேண்டும். பாதிப் பெயரைப் பார்த்தாவது அந்த அம்மா அவன் கையைத் தெரிந்துகொண்டிருப்பார். முந்தானையைச் சரிசெய்து செருப்பு வரை போனேன். பிறகு சர்ச்சுக்கு நேரமாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

திரும்பி வந்தபோது பதினொன்று. மேலே கெஞ்சல் நடந்துகொண்டிருந்தது. “அத்தை, ஊசி போட்டாச்சு அத்தை, ஒரு வாய்” என்று மருமகள். பெரியவர் ஒரு பொய்யும் சொல்லிப் பார்த்தார்: “தம்பி கீழே நின்னு சொன்னாம்மா. உங்களுக்குத்தான் கேக்கல.”

“அவன் குரல் எனக்குத் தெரியாதா?” என்றார் அந்த அம்மா. “சொல்லியிருந்தா கேட்டிருக்கும்.”

தம்பி கேக்கில் எழுதிய கதையையும் பெரியவர் சொன்னார். “எங்கே, காட்டு” என்றார் அந்த அம்மா. காட்ட என்ன இருந்தது? அதற்குள் தின்று தீர்ந்திருக்கும் என்று பெரியவர் நினைத்துவிட்டார் போலிருக்கிறது, என்னிடம் கேட்க வரவில்லை. வாயில் ஊட்டியதைத் துப்பினார். சர்க்கரைத் தண்ணீரைத் தட்டிவிட்டார். ஊசி போட்ட உடம்பு எவ்வளவு நேரம் தாங்கும்? ஒரு மணிக்கு, மயங்கிச் சாய்ந்தவரை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். புதுச் சேலையின் மடிப்புகூடக் கலையவில்லை. டாக்டர் சொன்னபடியே ஆயிற்று.

உயிர் பிழைத்தது. மூளையில் பாதி திரும்பவில்லை. சின்னவன் ஆஸ்பத்திரிக்கு வந்தான், வராந்தாவிலேயே நின்றான். அண்ணன் அவனைப் பார்த்து, “உன் வசனம் என்ன சொல்லுதுடா இப்போ?” என்று கேட்டார். அவன், “அந்தக் கேக்கை யாருக்கு வித்தே, அதைச் சொல்லு முதல்ல” என்றான். நான் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போயிருந்தேன். பழத்தை நர்ஸிடம் கொடுத்துவிட்டுப் பின்வாசல் வழியாக வந்துவிட்டேன். பெரியவர் இன்றுவரை என் பெயரைச் சொன்னதாகத் தெரியவில்லை. சொல்லாததற்கு அன்பு காரணமல்ல, வீம்பு. தம்பிக்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியம் தனக்கு இல்லையாம்.

இப்போது அந்த அம்மாவுக்கு நாளும் கிழமையும் கிடையாது. தினமும் காலையில் கண் விழித்தால் கிறிஸ்துமஸ். எந்த நாளுக்கும் விசேஷம் இல்லை, எல்லா நாளும் ஒன்றுதான் என்று ஹாலில் சொல்வார்கள். அந்த வீட்டில் அது ஒருவிதத்தில் பலித்துவிட்டது. தலைவாரிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவார். வாயைத் திறக்க மாட்டார். முதல் பத்து நாள் குழாய் போட்டு ஊட்டினார்கள். அதற்குப் பிறகு ஒரு வழி கண்டுபிடித்தது பெரியவர்தான்.

தினமும் காலை ஏழு மணிக்கு அவர் மாடிக் கதவுக்கு வெளியே நிற்கிறார். உள்ளே போவதில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, தம்பி மாதிரி குரலைத் தாழ்த்தி, “கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்மா” என்கிறார். ஏப்ரல் வெயிலிலும் சொன்னார், ஜூலை மழையிலும் சொன்னார். பொல்லாத காது, இங்கே வரை கேட்கிறது. முன்பு குரலை அடையாளம் தெரிந்த அந்த அம்மாவுக்கு இப்போது தெரிவதில்லை. மகன் சொல்லிவிட்டான் என்று நிம்மதியாகச் சாப்பிடுகிறார்.

சின்னவன் அந்த வீட்டிலும் இல்லை, ஹாலுக்கும் போவதில்லையாம். சைக்கிள் கடைக்காரர் கேக் விஷயத்தைச் சொல்லி, நில அளவைக்காரர் எல்லோர் முன்னாலும் அவனை அளந்துவிட்டாராம். ஊரின் அந்தக் கோடியில் வேறொரு பேக்கரியில் மாவு பிசைகிறான். எழுத்து வேலை வேண்டாம் என்று சொல்லித்தான் சேர்ந்தானாம். வேலைக்கு எங்கள் தெரு வழியாகத்தான் போகிறான். சுற்றிப் போக வேறு வழி இருக்கிறது, ஆனாலும் இந்த வழிதான்.

நேற்றும் ஏழு மணிக்கு வந்தான். அந்த அம்மாவின் ஜன்னலுக்குக் கீழே, மேலேயிருந்து தெரியாத இடத்தில், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். மாடியில் பெரியவர் அவன் குரலில் வாழ்த்துச் சொன்னார். அந்த அம்மா தெளிவாகக் கேட்டார்: “உள்ளே வாயேண்டா. ஏன் அங்கேயே நிக்கிறே?”

“கையெல்லாம் மாவும்மா” என்றார் பெரியவர்.

“கழுவிட்டு வா.”

கீழே நின்றவன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டான். தலை நிமிர்ந்தபோது எதிரே என்னைப் பார்த்துவிட்டான். “என்னக்கா?” என்றான்.

“ஒண்ணுமில்லப்பா, வெங்காயம் உரிக்கிறேன்” என்றேன். அவன் சைக்கிளில் ஏறிப் போய்விட்டான்.